அம்மா தொடங்கும் பாதி

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
12.10.1986

அன்பு மகன் டொமினிக்,

அங்கே உன் சுகத்தைத் தேவமாதா பார்த்துக்கொள்வாள் என்று நம்பி எழுதுகிறேன், எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை நல்லபடி முடிந்தது. அடுத்த வீட்டு லுத்பியா இன்றைக்கும் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தாள், வேண்டாம் என்றால் அம்மாவின் பேரைச் சொல்லி, நேசம் அக்கா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா என்று கேட்கிறாள், அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலாளி பாஸ்போட்டைத் தராமல் இழுத்தடித்ததும், இங்கே அம்மாவின் சவப்பெட்டியை மூடும்போது நீ அந்த அரபு நாட்டில் சீமெந்து மூட்டை தூக்கிக்கொண்டு நின்றதும் எனக்கும் ஆறாது. இனிச் செபம் சொல்லமாட்டேன், கேட்க மேலே ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன்னைக் கண்டிக்க நான் இதை எழுதவில்லை மகன், நான் படும் பாட்டையும் கேள்.

நம் வீட்டில் செபமாலையை எப்போதும் அம்மாதான் தொடங்குவாள், நீயும் நானும் மறுபாதி சொல்லுவோம், நீ தூங்கி விழுந்தால் முழங்கையால் இடிப்பாள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் ஏழு மணிக்கு மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிட்டுக் காத்திருந்தேன், யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று விளங்கவே வெகுநேரம் பிடித்தது. நானே தொடங்கலாம் என்றால் அருள் நிறைந்த மரியாயே என்பதோடு நின்றுவிடுகிறேன், அது அவளுடைய குரலில்தான் காதில் விழுகிறது. பேலியகொடை மீன் சந்தையில் வேலை செய்யும் உன் சிநேகிதன் கிளறன்ஸ் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, தொடங்குங்கோவன் அங்கிள் என்றான். எனக்கு மறுமொழி சொல்லத்தான் தெரியும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அண்ணனைக் கடல் கொண்டுபோன வருஷம் முழுக்க அவனும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய், ஒரு வார்த்தை சொல்லாமல் பின்வரிசை வாங்கில் இருந்துவிட்டு வந்தானாம். அந்தோனியார் என்னை எழும்பிப் போகச் சொல்லேல்லை அங்கிள் என்றான். அவன் போன பிறகு நான் நன்றாக அழுதேன்.

இப்போது அம்மாவின் பாதிக்கு வேண்டிய நேரம் பேசாமல் இருக்கிறேன், பிறகு அர்ச்சிஷ்ட மரியாயே என்று என் பாதியைச் சொல்கிறேன். அரைச் செபம் பரலோகத்தில் செல்லுமோ தெரியாது, ஃபாதரிடம் கேட்கவும் வெட்கமாயிருக்கிறது. உன்னிடம்தான் கேட்கிறேன். இங்கே ஏழு மணி என்றால் அங்கே நாலரை, நீ வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். அம்மாவின் பாதியை நீ சொல்லு. நம்பிக்கை வராவிட்டால் கோபத்தோடேயே சொல்லு, அவளும் உன்னோடு கோபித்துக்கொண்டு எத்தனை நாள் செபம் சொல்லியிருக்கிறாள்.

வெயிலில் தலையை மூடிக்கொள், இரவில் பட்டினி கிடக்காதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். நாலரை மணியை மறந்துவிடாதே. நீ சொல்வது எனக்குக் கேட்காது, ஆனாலும் உனக்கு இடம் விட்டுத்தான் என் பாதியைத் தொடங்குவேன். நீ சொல்லாத நாட்களிலும் இடம் விடுவேன்.

உன் அப்பா,
ம. வஸ்தியாம்பிள்ளை