கண்ணாடிக்குள் அம்மாவின் மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சுகமா? குட்டி போட்ட ஆடுகள் பனியைத் தாங்கினவா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கவலைப்படாதே.

சனிக்கிழமை விடுதிப் பள்ளியிலிருந்து எங்களைக் கேலப் நகரத்துக்குக் கூட்டிப்போனார்கள். நீ அடகு வைத்த வெள்ளி மாலை வில்லர்ட் அடகுக்கடைக் கண்ணாடிக்குள் விற்பனைக்குத் தொங்கியது. பல்லி போலக் கீறல் விழுந்த நீலக்கல்லைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்க் கேட்டேன்.

“கெடு தாண்டிருச்சு பாப்பா. வீட்ல சடங்குன்னா மட்டும் போட்டுக்க இரவல் தருவேன்” என்றார் வில்லர்ட்.

“எனக்குத்தான் சடங்கு!” என்று உளறிவிட்டேன்.

அவர் சிரித்தார். “இத்தனூண்டு இருந்துக்கிட்டா? சரி, உங்கம்மாவ வரச் சொல்லு. அடுத்த ஞாயிறு வரைக்கும் விக்க மாட்டேன்.”

அம்மா, இன்று நான் நிஜமாகவே வயதுக்கு வந்துவிட்டேன். பொய் சொன்னதால்தான் வந்ததோ? தெய்வங்கள் கேட்டுவிட்டார்களோ? நம் நவஹோ இனத்துச் சடங்கென்றால் பள்ளியில் விடமாட்டார்கள், அதனால் வார்டனிடம் சொல்லவில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

என் மான்தோல் செருப்பை எடுத்து வா. முதலில் கடைக்குப் போ. சடங்கில் விடியலை நோக்கி நான் ஓடும்போது அந்த மாலை என் கழுத்தில் கிடந்தால், நான் சொன்னது பொய்யாகாது.

யாரோ வருகிறார்கள். சீக்கிரம் வா அம்மா.

யானபா