இதோ வந்துடறேன்

ஜூன் 9, திங்கள்
லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். கதவு சென்சாரில் தூசி, என்னைப் போன்ற லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபது நிமிட வேலை. முடிப்பதற்குள் மகளின் பள்ளியிலிருந்து போன். நான்கு வயது, வீட்டில் வாண்டு என்போம். சறுக்குமர வரிசையில் முன்னால் நின்ற பையனைத் தள்ளிவிட்டாளாம். அவன் மோவாயில் மூன்று தையல்.

"அவளுக்கு ஒரு நிமிஷம் பொறுக்கத் தெரியல சார். ஒரு மாசம் பார்க்கறோம். அப்புறமும் இப்படின்னா வச்சுக்கறது கஷ்டம்" என்றார் டீச்சர்.

ஜூன் 10
"செல்லம் கொடுத்துக் கெடுத்ததே நீங்கதான்" என்றாள் மனைவி. செல்லம் கொடுக்கும் அளவுக்கு நான் வீட்டில் இருந்ததே இல்லை.

ஜூன் 13
டீச்சர் என்னைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கவைத்தார். வாண்டு முன்னால் தட்டில் ஒரு பிஸ்கட். "நான் போய்ட்டு வர்ற வரைக்கும் தொடாம இருந்தா ரெண்டு தருவேன்."

அவர் கதவைத் தாண்டும் முன்பே பிஸ்கட் வாய்க்குள். முகத்தில் ஆசையே இல்லை. கடை சாத்துவதற்குள் வாங்கிவிடும் அவசரம், அவ்வளவுதான்.

"ஏம்மா இருக்கல?" என்று வந்து கேட்டார் டீச்சர்.

"போனா வரமாட்டீங்க."

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம்.

ஜூன் 14
யோசித்துப் பார்த்தேன். இந்த வாரம் அவளிடம் சொன்ன 'இதோ வந்துடறேன்' ஏழு. வந்தது இரண்டு. லிஃப்ட்டில் மாட்டிக்கிட்டவன்கிட்ட பத்து நிமிஷம்னா பத்து நிமிஷத்துல போய் நிக்கறேன். பெத்த பிள்ளைகிட்ட மட்டும் வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா? எதை நம்பி அவ பொறுப்பா?

ஜூன் 16
முடியாததைச் சொல்வதில்லை என்று முடிவு. "இன்னிக்கு பார்க் முடியாதும்மா" என்றேன். தரையில் புரண்டு அழுதாள். பொய்யே தேவலை என்று தோன்றியது.

ஜூன் 18
"குளிச்சிட்டு வந்து உன் வண்டிக்குச் சக்கரம் மாட்டறேன்." ஈரத் தலையோடு வந்து மாட்டினேன். அதுவரை குளியலறைக் கதவை விடாமல் தட்டினாள். இதைப் பொறுமை என்று சொல்ல முடியாது.

ஜூன் 24
இன்று நான் குளிக்கும்போது கதவைத் தட்டவில்லை. வெளியே பாடிக்கொண்டிருந்தாள். ஒரே வரியை.

ஜூன் 27
ஆறு மணிக்கு வருவேன் என்றேன். வந்தது எட்டுக்கு. அவள் எதுவும் கேட்கவில்லை — அதுதான் பயமாக இருந்தது. "தப்பு அப்பாவோடது" என்றேன். "சரி" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

ஜூலை 1
மூன்றிலிருந்து நாலு வரை போன் எடுக்கமாட்டேன், பிள்ளையைக் கூப்பிடப் போகணும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "ஊர்ல உனக்கு மட்டும்தான் பிள்ளை இருக்கா?" என்றார். கடைசியில் ஒத்துக்கொண்டார். பதிலுக்குச் சனிக்கிழமை முழுநாள் வேலை. மனைவிக்கு வருத்தம்தான்.

ஜூலை 9
ஒரு மாதம் முடிந்தது. டீச்சர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 10, வியாழன்
கனமழை. இருபத்தைந்து நிமிடம் தாமதம். பள்ளி வராந்தாவில் இரண்டே பிள்ளைகள். புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி தேம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாண்டு.

"அழாத. வருவாங்க. லேட்டா வருவாங்க, ஆனா வருவாங்க."

என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"இருப்பா. இவ அம்மா வரட்டும்."

நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு நானும் உட்கார்ந்தேன்.