மாத்திரை என்ன சோறா?

என் அன்பு அந்தோணி அண்ணா,

தவக்காலம் மறுபடியும் வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம். அங்கே உனக்கு வயிற்றெரிச்சல் இருக்காது. இங்கே எனக்குத்தான் தீரவில்லை.

முதலில் நல்ல சேதி. பிச்சாவரத்தில் அனுமதி வாங்கி, உன் படகில் போய்ப் பறித்து வந்தோமே கண்டல் இலை, அதன் சாறு வேலை செய்கிறது. ஆய்வுக்கூடத்து எலிகளை முந்தின நாளே பட்டினி போடுவோம், தண்ணீர் மட்டும்தான். மறுநாள் ஒரு கூண்டுக்கு இலைச்சாறு கொடுத்து, பிறகு வலி மாத்திரையைக் கரைத்துக் கொடுப்போம். இன்னொரு கூண்டுக்குச் சாறு கிடையாது, மாத்திரை மட்டும். சாறு குடித்த எலிகளின் இரைப்பையில் புண் குறைவு. மற்றவற்றில் கறுப்புக் கறுப்பாக ரத்தம் கட்டியிருந்தது. பேராசிரியருக்கு ஏகச் சந்தோஷம். நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உனக்குப் புரிகிறதா அண்ணா? வயிற்றில் புண் வரவைக்க நாங்கள் படித்து வைத்திருக்கும் முறையே அதுதான். போன தவக்காலம் முழுக்க நீ அதை உனக்கே செய்துகொண்டாய். பொழுது சாயும்வரை சோறு தொடாமல் ஒருசந்தி. சுற்றுலாக்காரர்களை ஏற்றித் துடுப்புப் போட்ட தோளுக்கு, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரன், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தான். நான் திட்டியபோது நீ சிரித்தாய்.

"மாத்திரை என்னா சோறா? அதுல ஒருசந்தி முறியாது, போ."

முறியவில்லைதான். ரத்தமாக வாந்தியெடுத்து, கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய்.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தவக்காலத்தில் போன உயிர், நேரே மோட்சம்தான் என்றார்கள். ஏதோ பரிசு விழுந்த மாதிரி அண்ணியிடமே சொன்னார்கள். அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

இப்போது அண்ணி. இறால் உரிக்கக் குந்திக் குந்தி முட்டி வலி. அதே மாத்திரை, அதே ஒருசந்தி. எலிக்கதையை முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எலிக்கு ஏது செல்வி நேர்ச்ச? உங்க அண்ணன் ஆத்துமாவுக்காக இருக்குறேன். மாத்திரை என்னா சோறா?"

நீயே பேசினாற்போல் இருந்தது.

சாற்றைக் கொடுக்கலாம் என்றால், அது இன்னும் எலியைத் தாண்டவில்லை. மாதா கோயில் பங்குச்சாமியிடம் போய் அழுதேன். நோயாளிக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று அவரும் வீடு தேடி வந்து சொல்லிப் பார்த்தார். அண்ணி தலையாட்டினார். சாமி படியிறங்கியதும் சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன் கஞ்சியோடு உன் வீட்டுக்கு வருவேன். அண்ணி குடித்து முடிக்கும்வரை மாத்திரை அட்டை என் கையில்தான் இருக்கும். அதனால் உன் ஆத்துமாவுக்கு ஒருசந்தி குறைந்தால் குறையட்டும். அங்கே யாராவது கேட்டால், என் தங்கச்சிதான் முறித்தாள் என்று சொல்லிவிடு.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி