சர்வருக்கு ஒரு புத்தகம்

ஆக. 20, புதன்

காலையிலேயே புழுக்கம். நாரணாபுரம் பஸ்ஸில் நின்றபடியே வேலைக்கு.

செல்வம் அண்ணன் 31-ஆம் தேதியோடு வேலையை விடுகிறார். எங்கள் பட்டாசுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வரை நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டவர். தீபாவளி ஆர்டர் மொத்தமும் அதில்தான். முதலாளி, ஆபீஸ் வேலை பார்க்கும் என்னைக் கூப்பிட்டார்.

“அதுக்குள்ள அவன் வேலைய நீ படிச்சிருவியாம்மா? இல்லன்னா மதுரையிலருந்து ஆள் போடணும். அவன் வந்தா ரெண்டு பேருக்கு இங்கன வேலை இல்ல.”

“படிச்சிருவேன் அண்ணாச்சி.”

படித்தது எம்.எஸ்சி. இயற்பியல். ஏன் அப்படிச் சொன்னேன்.

கேட்டில் கைபேசியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஆபீஸில் இணையமும் இல்லை. வீடியோ உதவாது. காகிதப் புத்தகம்தான்.

ஆக. 23, சனி

மதுரை. வெயில். புத்தகக் கடையில் ஒரு மணி நேரம். கடைசியில் கையில் இரண்டு, வாங்கப்போவது ஒன்று:

1. தடிமன். ஆயிரம் பக்கத்துக்கு மேல். விழுந்த சர்வரை எழுப்புவதற்கே தனி அத்தியாயம். இரண்டு பத்தி வாசித்தேன். புரியவில்லை.

2. மெலிது. சான்றிதழ்த் தேர்வுக்கானது. கேள்வி, கீழே நான்கு விடை.

கடைக்காரர்: “பரீட்சைக்கா, வேலைக்கா?”

“வேலைக்கு.”

“அப்பச் சின்னது எதுக்கும்மா?”

சின்னதையே வாங்கினேன். பஸ்ஸில் ஒரு மாதிரித் தேர்வு. இருபதுக்குப் பதினெட்டு. திருமங்கலம் வரை நிம்மதி. பிறகு இல்லை.

ஆக. 25, திங்கள்

மதியம் இடி. இடித்தால் வேலை நிற்கும். ஃபோர்மேன் மெயின் சுவிட்சை இறக்குவார், பேட்டரியில் ஓடும் யுபிஎஸ்ஸையும். வானம் கறுத்ததுமே செல்வம் அண்ணன் சர்வரை முறைப்படி அணைத்துவிடுவார். இன்று அவருக்கு லீவு, சாத்தூரில் வீடு காலி செய்கிறார். நான் வானத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் அத்தியாயக் கேள்விகளில் இருந்தேன்.

கரண்ட் வந்தது. சர்வர் வரவில்லை. கறுப்புத் திரையில் ஆறு வரி. புத்தகத்தில் தேடினேன். இல்லவே இல்லை.

ஆறு வரியையும் தாளில் எழுதி, கேட்டுக்கு நடந்து, கைபேசி வாங்கி, அண்ணனுக்கு வாசித்தேன். அவர் சொன்னதை எழுதிக்கொண்டு திரும்பி வந்து தட்டினேன். வேறு வரிகள். மறுபடி கேட். ஐந்து நடை.

ஃபோர்மேன்: “என்ன தாயி, எம்புட்டுத் தடவ நடக்கீக. கம்ப்யூட்டருக்குச் சாமி வந்திருச்சா?”

சிரித்தார்கள். நானும்.

நாலே முக்காலுக்குச் சர்வர் வந்துவிட்டது. ஆர்டர்கள் பத்திரம். அண்ணன் ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நான் தட்டினேன். எதை ஏன் தட்டினேன் என்று ஒன்றுகூடத் தெரியாது.

மதியமெல்லாம் வெளியே போயிருந்த முதலாளி சாயங்காலம் கேட்டருகே போனில்.

“செல்வம், நீ எதுக்கு முப்பத்தொண்ணு வரைக்கும் காத்துக் கெடக்க. நாளைக்கே கெளம்பு. பிள்ள தனியாவே எந்திரிக்க வச்சிருச்சுல்ல.”

அந்தப் பக்கம் அண்ணன் என்ன சொன்னாரோ, கேட்கவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா, சரிதான?”

சரியென்று தலையாட்டினேன்.