சட்டைப்பையில் வாய்க்கரிசி

இன்று ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட அலமாரியைக் குடைந்தேன். அடியில் சுருண்டு கிடந்த வெள்ளைச் சட்டையை இழுத்ததும் பையிலிருந்து பச்சரிசி சிதறியது. உன்னை அடக்கம் செய்த அன்று போட்டிருந்த சட்டை. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை.

அன்று காலை உன் தம்பி போனில், "அண்ணன் மவுத்தாயிட்டாங்கண்ணே" என்றதும் நான் யோசிக்கவே இல்லை. ஒரு பிடி அரிசியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் வீட்டுச் சாவுகளுக்கு அப்படிப் போய்ப் பழகிய கை. வலங்கைமான் கடைத்தெரு தாண்டி உங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியபோதுதான் உறைத்தது. உங்களுக்கு ஏது வாய்க்கரிசி? நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "பிரியாணி அரிசியாவது கொண்டாந்திருக்கக் கூடாதாடா?" என்று கேட்டிருப்பாய்.

எதற்குத்தான் நீ சிரிக்கவில்லை? தெருவில் பாதிப் பையன்கள் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், எங்கள் வயல் அரிசியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு துபாய் போகப் பஸ் ஏறினாய். "மூஞ்சிய தொங்கப் போடாத. அரிசி தீந்ததும் வந்துடுறேன்" என்றாய். லீவில் வந்தபோதெல்லாம் விருந்தாளி மாதிரி வந்தாய். ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நம் இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

பள்ளிவாசல் மையவாடியில் ஓரமாக ஒதுங்கி நின்ற என்னை உன் தம்பிதான் கையைப் பிடித்து இழுத்தான். "நீங்களும் மூணு பிடி மண்ணு போடுங்கண்ணே." போட்டேன். வீடு திரும்பியதும் என் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றாள். குளித்தேன். அத்தோடு என் துக்கம் தீர்ந்ததாம். பங்காளி செத்தால் பதினாறு நாள் உண்டு. சிநேகிதனுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான். மறுநாளே அறுப்பு மெஷின் வந்துவிட்டது, வயலில் போய் நின்றேன். என்னிடம் யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. ஏன் வரவேண்டும்? நான் உனக்கு என்ன முறை? தனியாகிப் போய்விட்டேனடா.

உன் மனைவி இத்தா இருக்கிறாள், வெளி ஆண்கள் முகத்தைப் பார்க்கக் கூடாத காலம். பிள்ளைகள் லீவு முடிந்து வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டார்கள். ஒருநாள் உன் வாசல் வரை போய்விட்டுத் திரும்பப் பார்த்தேன். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"உள்ள கூப்பிட முடியல, தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. ஆனா எப்பயும் போல சாயங்காலம் வந்து வாசல்ல ஒக்காந்து பேப்பர் படிங்க. அந்தச் சத்தம் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கு."

சர்க்கரை உன் கண்ணைக் கெடுத்த பிறகு தினமும் நான்தானே உனக்குப் பேப்பர் வாசித்தேன். ஒரு செய்தியையாவது முழுதாக முடிக்க விட்டிருப்பாயா? வரிக்கு வரி குறுக்கே விழுவாய். இப்போது வாசலில் நாற்காலி போட்டு, திரைக்கு உள்ளே கேட்கும்படி உரக்க வாசிக்கிறேன். போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நேற்று மேட்டூர் திறக்கப்போகும் செய்தி வந்திருந்தது. நீ சும்மா விடாத செய்தி. முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டு நிறுத்தினேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"அவங்க பேசட்டும்னு நிறுத்துனீங்களாண்ணே?"

அடுத்த வரியை வாசித்தேன்.