உன் பையனுக்குக் காய்ச்சிய பீர்

மாப்பிள்ளை,

இன்று காலை துபாய் குசைஸில் ரொட்டிக்கடையைத் தாண்டும்போது ஈஸ்ட் நாற்றம் குப்பென்று அடித்தது. குமட்டிக்கொண்டு வந்தது, கூடவே உன் நினைவும். செத்தவனை நினைக்க மற்றவர்களுக்கு ஊதுபத்தி வாசனை. எனக்கு வாய்த்தது இது.

உன் சைட்டில் இருந்த வெள்ளைக்காரப் போர்மேன் வீட்டிலேயே பழங்கால பீர் காய்ச்சுகிறவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பண்ணையார் வீட்டில் பிள்ளை பிறந்தால் காட்டமாக ஒரு பீர் காய்ச்சி மூடிவைப்பார்களாம். பிள்ளைக்கு இருபத்தொன்று ஆனதும் திறப்பார்களாம். அவர் சொன்ன வாரமே ஊரில் உனக்குப் பையன் பிறந்தான். அப்புறம் உன்னை யார் பிடிப்பது?

ஆட்டுத்தீவனக் கடையில் பார்லி வாங்கி, என் படுக்கை விரிப்பில் கட்டி, பாத்ரூமில் முளைகட்டினாய். டியூட்டிக்குப் போக ஏழு பேர் வெளியே நிற்க, உள்ளே உன் பார்லி குளித்துக்கொண்டிருந்தது. வறுத்து, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்தாய். போர்மேன் கொடுத்த கசப்புப் பூவைப் போட்டுக் காய்ச்சி, ஆறியதும் ஈஸ்ட் கரைத்து, தண்ணீர் கேனில் ஊற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாய். வாந்தியெடுத்த இடம் மாதிரி ரூமே நாறியது.

"ரெண்டாந்தண்ணி ஊத்தி வடிச்சா எங்களுக்கும் ஆகும்ல?" என்றேன்.

"மொதச் சாறு மட்டுந்தான் மாப்ள. இது எம்மவனுக்கு. ஒருத்தன் கை வைக்கக்கூடாது."

"ரூமுல சரக்குன்னு மாட்டுனா கலாஸ், கத முடிஞ்சுது, அடுத்த பிளைட்டுல ஊருதான். ரெண்டு வருஷ விசாவுல வந்துட்டு இருபத்தொரு வருஷத்துக்கு வெக்கிறியே, கிறுக்கா ஒனக்கு?"

சிரித்தாய். மறு கோடையில் சைட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழவே இல்லை.

உன் உடலை விமானத்தில் ஏற்றிவிட்டு ரூமுக்குத் திரும்பினேன். கேன் நடுவில் இருந்தது. நம் ஆட்கள் உன் கட்டிலிலேயே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். "என்னா கைப்பக்குவம்டா அவனுக்கு!" என்று மெச்சல் வேறு. சீ! எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். முகர்ந்தேன். நாறவில்லை, கருப்பட்டிபோல் மணத்தது. அதுதான் தாங்கவில்லை. கொட்டிவிட்டு வெளியே போய் வாந்தியெடுத்தேன். அந்த ஆட்களோடுதான் இன்னமும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறேன். அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் சாப்பிடுகிறேன்.

கருமாதி முடிந்து தங்கச்சி, உன் சம்சாரம், போனில் பேசியது. "அண்ணே, பையனுக்கு ஒன்னு வெச்சிருக்கேன், பெரியவனானதும் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. பத்திரமா இருக்கா?"

"இருக்கும்மா" என்றேன்.

போன வெள்ளிக்கிழமை உன் பையனே போனை வாங்கிக் கேட்டான். மழலை இன்னும் போகவில்லை.

"மாமா, எங்கப்பா வெச்சது இன்னும் இருக்கா?"

"இருக்குடா தங்கம். ஒருத்தரும் கை வைக்கல."