பிரிவுபசாரம் முடிந்தவள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நானும் இவரும் சுகம். நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் அத்தான் அதை ஸ்பீக்கரில் போட்டு எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் கேட்க வைத்துவிடுகிறார். அதனால் நிதானமாகச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

இவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நீட்டிப்பு கிடையாது என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசியில் மூட்டை முடிச்சோடு ஊருக்கே வந்துவிடுகிறோம். மாடிப் போர்ஷனில் இருந்தவர்களை நீ காலி செய்யச் சொன்னதும், பெயிண்டரை வரவழைத்ததும் அத்தான் மூலமாகத் தெரிந்தது. எல்லாம் உன் இஷ்டம். ஆனால் பச்சை மட்டும் வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிரிவுபசார விழா நடந்தது. சிரிக்காதே. உன் தங்கைக்கு மாலை போடவும் நாலு பேர் இருக்கிறார்கள். எங்கள் பெண்கள் மன்றத்தைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். புருஷன் வேலைக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான் எல்லோரும். பொது நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். அது குழந்தைகளுக்குக் கதை சொல்லும் அறை. குட்டி நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து பெரிய பெரிய தீர்மானங்கள் போடுவோம். நடைப்பயிற்சிக் குழு உண்டு, அது பூங்கா வாசல் வரை நடந்து அங்கேயுள்ள டீக்கடையில் உட்கார்ந்துவிடும். வாசகர் வட்டம் உண்டு, புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவோம். இந்த ஊர்ப் பாஷை பழகும் வகுப்பும் உண்டு, அதில் இரண்டு மணி நேரமும் தமிழ்தான்.

ஆனால் வரவேற்பும் பிரிவுபசாரமும் என்றால் மன்றம் ஒரு குறையும் வைக்காது. தலைவி விட மாட்டார். இங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிற, ஐம்பதைத் தாண்டிய அம்மா. அவர் பார்த்தால் பால் பொங்குவதற்குக்கூட யோசிக்கும். புதிதாக யார் வந்தாலும் வரவேற்புக் குழு வீடு தேடிப் போய், எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்பது முதல் கடைத்தெரு வரை காட்ட வேண்டும். யார் போனாலும் எல்லோர் முகமும் பதித்த சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசு. எனக்கும் கொடுத்தார்கள். தலைவியின் முகம் சரியாகப் பன்னிரண்டில் இருக்கிறது.

என்னைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். நான் செத்துப்போயிருந்தால்கூட இவ்வளவு நல்ல வார்த்தை கிடைத்திருக்காது. என்னோடு ஜென்மப் பகையாக இருந்த பல் டாக்டர், நான் இல்லாத மன்றத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று மூக்கைச் சிந்தினார். நானும் அழுதேன். அழுகையோடு அழுகையாக என் வீட்டுச் சாமான்களையும் தானம் செய்துவிட்டேன். மிக்சி பல் டாக்டருக்கு, சோபா வானொலிக்கு. வானொலி என்பது நாங்கள் வைத்த பெயர். அவள் காதில் ஒரு செய்தி விழுந்தால் போதும், ஒலிபரப்பு தொடங்கிவிடும்.

விழா முடிந்த பிறகுதான் வேடிக்கை. ஒவ்வொருத்தராக என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு, ஒருத்தி மாடிப்படிக்குக் கீழே. யாரிடமும் சொல்லாததை எல்லாம் என்னிடம் கொட்டினார்கள். ஊரைவிட்டுப் போகிறவள் காது கோயில் உண்டியல் மாதிரி போலிருக்கிறது. போட்டால் போட்டதுதான். என்ன சொன்னார்கள் என்று நீ தலைகீழாக நின்று கேட்டாலும் சொல்ல மாட்டேன். சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். கடைசியில் கார் நிறுத்துகிற இடத்தில் தலைவியே வந்து ஒன்று சொல்லிவிட்டு அழுதார். 

மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் பிரியமுள்ள தங்கை.

&nbsp;

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

போனில் நான் பாதி சொல்லும்போதே, "அப்ப நீ இனிமே வரவே வேணாம், அங்கயே இருந்துக்கோ" என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் அத்தான்தான் எடுக்கிறார். நீ குளிக்கிறாய் என்கிறார். இப்படி நாள் முழுக்கக் குளித்தால் சளி பிடிக்கும் அக்கா.

நடந்தது இதுதான். இவருடைய இடத்துக்கு வர வேண்டிய ஆள் கடைசி நிமிஷத்தில் வரமாட்டேன் என்றுவிட்டான். உடனே அலுவலகத்தில் இவரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு வருஷம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இவரும் ஒரு வார்த்தை வீட்டில் கேட்கிறேன் என்று சொல்லாமல் போட்டுவிட்டு வந்து, கேக் வாங்கி வந்திருக்கிறேன் என்கிறார். கேக்கை வைக்க வீட்டில் மேஜை இல்லை. அதையும் தானம் கொடுத்தாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். உன் முகம் நினைவுக்கு வந்து பயந்தது உண்மை. அதோடு கூட, அப்பாடா என்று ஒரு மூச்சு வந்ததும் உண்மை. இங்கே நான் வேலை பார்க்கிற குழந்தைகள் காப்பகம், இந்த அரைப் பைத்தியக்கார மன்றம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர மனசு ஆயத்தமாகவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவளிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் போனில் மென்று முழுங்கினேன். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

இப்போது என் நிலைமையைக் கேள். மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து, கண்ணீர் விட்டு அனுப்பிவைத்த ஆள் நான். எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? பத்து நாளாகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் தூரத்தில் வானொலியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சோப்பு அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பதுங்கினேன். அங்கே எனக்கு முன்னாலேயே ஒருத்தி குனிந்து பதுங்கிக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் பல் டாக்டர்! என்னைப் பார்த்துத்தான் ஒளிந்தாராம். "நீங்க இன்னுமா போகல?" என்று கேட்ட குரலில் பாசம் இல்லை அக்கா, பீதி இருந்தது.

அப்புறம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் வெட்கப்பட்டு ஒளிகிறேன் என்றால், அவர்கள் பயந்து ஒளிகிறார்கள். எல்லோருடைய ரகசியமும் என்னிடம் இருக்கிறது, நானோ ஊரைவிட்டுப் போகவில்லை. மறுநாளே பல் டாக்டர் மிக்சியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே புதிதாக ஒரு ஜாரும் வாங்கி வைத்திருந்தார். வானொலி சோபாவை ஆள் வைத்து அனுப்பிவிட்டாள், உறை துவைத்துப் போட்டிருந்தது. இந்த ஊரிலேயே மரியாதையான பெண்மணி இப்போது நான்தான். ஆனால் பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை. பூங்காவில் நான் தூரத்தில் வந்தால் நடைப்பயிற்சிக் குழு நிஜமாகவே நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

இங்கேயும் யாரும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. இவரோடு மட்டும் எவ்வளவுதான் பேசுவது? அவர் எல்லாவற்றுக்கும் "சரி விடு" என்கிறார். ஒரு வரி எழுது அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம்.

தங்கை.

&nbsp;

என் அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மாடி பூட்டியே கிடக்கிறது, வேறு யாருக்கும் வாடகைக்கு விட மாட்டேன் என்கிறாய் என்று அத்தான் சொன்னார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் வாயைப் பிடுங்கினேன்.

இங்கே என் வழக்கு மன்றத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போயிற்று. பிரிவுபசாரம் முடிந்தவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறதா என்று குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து விவாதித்திருக்கிறார்கள். கடிகாரத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாளாம். கடைசியில் தலைவி தீர்ப்புச் சொன்னார். "போனவங்க போனவங்கதான். இனிமே அவங்க புதுசா வந்தவங்க." ஆகவே முறைப்படி வரவேற்புக் குழு என் வீட்டுக்கு வந்தது. தலைவி, பல் டாக்டர், வானொலி மூவரும் வாசலில் நின்று, "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்றேன். சிரித்தால் தலைவி தொலைத்துவிடுவார்.

நான் முதலில் அவர்களை உட்காரவைத்து ஒன்றைச் சொன்னேன். "போன மாசம் இங்க ஒருத்தி இருந்தா. அவகிட்ட நீங்க என்ன சொன்னீங்களோ, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எனக்கு ஒண்ணும் தெரியாது." வானொலி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பல் டாக்டர் மட்டும், மிக்சி ஜாரைத் திரும்பக் கேட்கலாமா என்று யோசிப்பது போல அடுப்படியையே பார்த்தார்.

பிறகு ஊர் சுற்றிக் காட்டினார்கள். போன வருஷம் நானே வானொலிக்குக் காட்டிய காய்கறிக் கடையை அவள் எனக்குக் காட்டி, "இங்க தக்காளி நல்லா இருக்கும்" என்றாள். நான் அப்படியா என்று ஆச்சரியப்பட்டேன். கடைத்தெருவின் பாதியில் தலைவி திடீரென்று நின்று, "அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, திரும்பலாம்" என்றார். அந்தப் பக்கம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது.

இந்த ஒன்றை மட்டும் உனக்கு எழுதலாம். தலைவியே அனுமதி கொடுத்துவிட்டார். அவருடைய மகள் அந்தக் கடையில்தான் கண் பரிசோதிக்கிறாள். நாங்கள் யாரும் அவளை நேரில் பார்த்ததில்லை, மகள் வெளியூரில் மேல்படிப்பு படிக்கிறாள் என்றுதான் மன்றத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். அம்மா சேர்த்துவிட்ட மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறாள். தலைவி கோபத்தில், "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவள் தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேச்சில்லை. தலைவி எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு வருவாராம். அன்று கார் பக்கத்தில் அவர் சொல்லி அழுதது, "அவளும் என் பொண்ணுதானே. சொன்னா சொன்னபடி நிக்கிறா" என்பதுதான்.

எனக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை. "மேடம், புதுசா வந்தவளுக்குக் கடைத்தெரு முழுக்கக் காட்டணும். விதியில இருக்கு" என்றேன். அவர் முறைத்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து கடைக்குள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மற்ற இருவரையும் வாசலிலேயே நிற்கச் சொன்னேன். வானொலி தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒன்றும் கேட்காமல் நின்றாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கடைக் குரலிலேயே, "யாருக்குக் கண்ணாடி?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவி "எனக்கு" என்றார். அவருக்குக் கழுகுப் பார்வை என்பது ஊருக்கே தெரியும். மகளுக்குத் தெரியாதா? அவள் நாற்காலியைக் காட்டினாள். ஒரு கண்ணை மூடச் சொன்னாள். எழுத்து அட்டைக்கு விளக்கைப் போட்டாள். மேல் வரியை வாசித்தார், அடுத்த வரியையும் வாசித்தார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். கன்னமெல்லாம் நனைந்துவிட்டது. அந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "கண்ணுல தண்ணி நின்னா நம்பர் சரியா வராதும்மா. நாளைக்கு வாங்க."

தலைவி மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். இன்னும் நம்பர் சரியாக வரவில்லையாம். மகள் தினமும் நாளைக்கு வாங்க என்கிறாள். நேற்று மதியச் சாப்பாட்டை இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு போனார் என்று வானொலி வந்து சொன்னாள். இதை மட்டும் ஒலிபரப்பத் தலைவியே அனுமதித்துவிட்டார்.

அக்கா, நீ என்னிடம் வரவே வேண்டாம் என்று சொன்னாய். அந்தப் பெண் அம்மா சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டாள். அவள் கெட்டிக்காரப் பெண், சொன்ன பேச்சைக் கேட்பவள். உன் தங்கை அப்படி இல்லை. சின்ன வயதிலிருந்து நீ சொன்னதில் எதை நான் கேட்டிருக்கிறேன்? காப்பகத்தில் லீவு சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் டிக்கெட். இவர் வரவில்லை, நான் மட்டும்தான். போகும்போது இன்னொரு கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடப் போகிறார்கள் என்று மன்றத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நீ பேச வேண்டாம். குளித்துக்கொண்டே இரு. நான் வெளியில் உட்கார்ந்திருக்கிறேன். திட்ட வேண்டும் என்று தோன்றும்போது வந்து திட்டு, நான் எங்கேயும் எழுந்து போக மாட்டேன்.

நீ நல்லா இருக்கணும் அக்கா.

உன் பேச்சைக் கேட்காத தங்கை.